‘அந்தப் பெண்களுக்கு வீடு தரலாமா?’ – வாசகர் கேள்விகள்

மனநோயோடு தெருவில் கைவிடப்பட்ட பெண்களுக்காகச் சென்னையில் இயங்கும் ‘தி பேன்யன்’ அமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அவர்கள் சாதாரணத் தெருக்களில் வாடகைக்கு வீடு பிடித்து, குணமாகி வரும் பெண்களை நாலைந்து பேராக அதில் குடிவைக்கும் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தைப் பற்றியும் அதில் சொல்லியிருந்தேன். அதை ஒட்டி வந்த கடிதங்களுக்கே இந்த முறை எல்லாப் பக்கங்களையும் ஒதுக்கிவிட்டேன். அரசு மருத்துவமனையில் மனநலச் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் அல்ல. மருந்தின் அளவைப் பற்றிக் கேட்டவர்கள் தயவுசெய்து உங்கள் டாக்டரையே கேளுங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலரும் எழுதியிருப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை.

தி பேன்யனைத் தொடங்கியவர்கள் டாக்டர்களா? எங்களைப் போன்ற மாணவர்களால் இப்படி ஒன்றைத் தொடங்க முடியுமா?
– கல்லூரி மாணவி, மதுரை

டாக்டர்கள் இல்லை அம்மா. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்ற இரண்டு தோழிகள். 1993இல் தொடங்கியபோது உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருந்திருக்கும். கல்லூரிக்கு அருகே தெருவில் ஒரு பெண், உடம்பில் துணி இருக்கிறதா என்ற நினைப்புகூட இல்லாமல் நின்றிருக்கிறார். போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். இவர்கள் அவரைச் சேர்க்க இடம் தேடி அலைந்தபோதுதான், அப்படிப்பட்ட ஒரு பெண்ணை ஏற்றுக்கொள்ள ஊரில் சரியான இடமே இல்லை என்று தெரிந்திருக்கிறது. சரி, நாமே ஒரு வீடு பிடிப்போம் என்று பிடித்தார்கள். பின்னால் முகப்பேரில் ‘அடைக்கலம்’ என்ற காப்பகம் வந்தது, கோவளம் பக்கக் கிராமங்களில் வேலை தொடங்கியது, 2015 முதல் ஹோம் அகெய்ன் வீடுகள் வந்தன.

இந்த இருவரைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன, எழுதவும் வேண்டும். ஆனால் இந்த வேலையைத் தினமும் தாங்கிப் பிடிப்பவர்கள் வேறு ஆட்கள். ஹோம் அகெய்ன் போன்ற வீடுகளில் கூடவே இருந்து உதவும் பெண்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர்கள், பெரிய படிப்பு இல்லாதவர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் அப்படி ஒரு வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போயிருந்தேன். விடுதியிலும் மருத்துவமனையிலுமாகப் பல வருடம் இருந்துவிட்டு வந்த ஓர் அம்மா அடுப்படி அலமாரி முன்னால் நின்றுகொண்டிருந்தார். சர்க்கரை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. யாராவது ‘எடு’ என்று சொல்லவேண்டும் என்று காத்திருக்கிறார். அத்தனை வருடமும் அப்படியே பழக்கிவிட்டார்கள். உதவிக்கு இருந்த அக்கா அதைப் பார்த்தார். ‘எடுங்கம்மா’ என்று சொல்லவில்லை. பாத்திரம் கழுவுகிற சாக்கில் கொல்லைப்பக்கம் போய்விட்டார். ரொம்ப நேரம் கழித்து டப்பா திறக்கும் சத்தம் கேட்டது. டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தார் அந்த அம்மா. எல்லோரும் குடித்தோம்.

அந்த அக்காவுக்கு யாரும் விருது கொடுக்கப்போவதில்லை. ஆனால் எப்போது விலகிப் போகவேண்டும் என்று தெரிந்த அந்த அறிவுதான் இந்தத் துறையின் உயிர். முப்பது வருட வேலையில் அதை நான் டாக்டர்களிடம் பார்த்ததைவிட அக்காக்களிடம்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உன் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் தொடங்காதே, சேர். ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஓரிடத்தில் ஒன்றிரண்டு வருடம் வேலை பார். மனநலச் சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற முதுகலைப் படிப்பைப் படிக்க முடிந்தால் படி. அப்புறமும் உன் ஊரில் ஒன்று குறைகிறது என்று தோன்றினால் அப்போது தொடங்கு.

எனக்கு மாடியும் கீழுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீடு இருக்கிறது. கீழ் போர்ஷனை மனநோயிலிருந்து மீண்ட நான்கு பெண்களுக்கு வாடகைக்குக் கேட்கிறார்கள். எனக்குச் சம்மதம்தான். ஆனால் தெருக்காரர்கள் கையெழுத்து வாங்கி ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகள் விளையாடும் தெரு, இது குடியிருப்புப் பகுதி, ஆஸ்பத்திரி அல்ல என்கிறார்கள். என்ன செய்வது?
– வீட்டு உரிமையாளர், தாம்பரம்

கொடுங்கள் சார். தயங்காமல் கொடுங்கள்.

குடியிருப்புப் பகுதி என்று அவர்கள் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன். அவர்கள் குடியிருக்கத்தான் வருகிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் 19ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மனநோய் உள்ள ஒருவருக்குச் சமூகத்தின் நடுவே, அதன் பகுதியாக வாழ உரிமை உண்டு. வீட்டில் ஏற்கவில்லை, போக இடமில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக்கூடாது என்று அது சொல்கிறது. சட்டம் சொல்லிவிட்டது. அந்த உரிமை நிஜமாக நடப்பது உங்களைப் போல ஒருவர் சாவியைக் கொடுக்கும்போதுதான்.

இப்போது தெருக்காரர்கள் விஷயம். அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்குப் பயம். சினிமாவிலும் செய்தியிலும் பார்த்ததை வைத்து வந்த பயம். மனநோய் உள்ள பெண்கள் பிறரை அடிப்பதைவிடப் பிறரிடம் அடிபடுவதும் சீரழிக்கப்படுவதும்தான் மிக அதிகம். தெருவில் இருந்து வந்த எந்தப் பெண்ணிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், ராத்திரி என்றால் அவருக்கு என்ன நினைவுக்கு வருகிறது என்று. ஆனால் இதைக் கூட்டம் கூட்டிச் சொன்னால் எடுபடாது. கூட்டத்தில் யாரும் இறங்கி வரமாட்டார்கள், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று இருக்கும். கையெழுத்துப் போட்டவர்களை ஒவ்வொருவராக வீட்டில் போய்ப் பாருங்கள். உட்கார்ந்து பேசுங்கள். நாலு வீடு போவதற்குள், ‘எங்க சித்தி ஒருத்தங்களுக்கும் இப்படித்தான் இருந்துச்சு’ என்று ஒருவர் மெதுவாகச் சொல்வார். நான் போன தெருக்களில் எல்லாம் அப்படி ஒருவர் இருந்தார். 2015–16இல் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. இருபது வீடு உள்ள தெருவில் இது இல்லாமல் இருக்காது.

வாடகைக்குக் கேட்பவர்களிடம் சில விஷயங்களைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் யார் பெயரில்? அமைப்பின் பெயரில் போடச் சொல்லுங்கள். ராத்திரி கூட யார் இருப்பார்? ஒருவருக்கு உடம்போ மனசோ சரியில்லாமல் போனால் எந்த எண்ணுக்குக் கூப்பிடவேண்டும், எத்தனை நேரத்தில் ஆள் வரும்? மாத்திரை யார் பொறுப்பு? நல்ல அமைப்பு என்றால் பட்டென்று பதில் வரும். இழுத்தால் யோசியுங்கள். அப்புறம், குடிவரும் பெண்களே வந்து வீட்டைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். யாரோடு சேர்ந்து இருக்கப் பிரியம் என்று அவர்களையே கேட்டு, அவர்களுக்குள் ஒத்துப்போகிறவர்களாகச் சேர்த்துத்தான் ஹோம் அகெய்னில் வீடு அமைக்கிறார்கள். தமிழ்நாட்டில் தொடங்கிக் கேரளம், மகாராஷ்டிரம் என்று பரவிய அந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவை வழிகாட்டியில் நல்ல உதாரணங்களில் ஒன்றாக எடுத்துக்காட்டியிருக்கிறது. வீட்டைத் தேர்ந்தெடுத்தவர் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் விதமே வேறு.

பிரச்சினையே வராது என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஓர் அம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து உரக்கப் பாடுவார். பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தது. சண்டைக்கு வந்துவிட்டார்கள். கூட இருந்த அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டு, டாக்டரிடம் பேசி ராத்திரி மாத்திரையின் நேரத்தை மாற்றினார். பாட்டு ஆறரை மணிக்கு வந்து நின்றது. பரீட்சை முடிந்ததும் பக்கத்து வீட்டு அம்மாவே வந்து அவரைப் பாடச்சொல்லிக் கேட்டதும் உண்டு. குடித்தனக்காரர்களால் வரும் மற்ற சச்சரவுகளும் இப்படிப் பேசித்தானே தீர்கின்றன?

பால் காய்ச்சும் அன்றைக்குத் தெருவில் எல்லோரையும் கூப்பிடுங்கள். கையெழுத்துப் போட்டவர்களை முதலில் கூப்பிடுங்கள்.

சென்ற இதழில் டாக்டர் சாரதா மேனன் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு வரியோடு விட்டுவிட்டீர்களே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி

இடம் போதவில்லை சார். 1923இல் மங்களூரில் பிறந்தவர். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். 1961இல் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குக் கண்காணிப்பாளர் ஆனார். 1794இல் தொடங்கிய வரலாறு கொண்ட அந்த இடத்துக்கு ஒரு பெண் தலைமை ஏற்றது அதுதான் முதல் முறை. உள்ளே இருப்பவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கவேண்டும், வெளியே போனபின் வாழ வழி வேண்டும் என்று விடாமல் நின்றவர். ஓய்வு பெற்றபின் 1984இல் சென்னையில் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) ஆராய்ச்சி அமைப்பைத் தொடங்கினார். 1992இல் பத்மபூஷண். 2021 டிசம்பரில், 98 வயதில் மறைந்தார். என் தலைமுறைப் பணியாளர்களுக்கு அவர் நோயாளிகளோடு பேசும் தொனிதான் பாடம். குரலை உயர்த்தியும் பேசமாட்டார், குழந்தையைக் கொஞ்சுவதுபோலவும் பேசமாட்டார்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாகப் போய்ச் சுகர், பிரஷர் பார்க்கிறேன். பன்னிரண்டாவதுதான் படித்திருக்கிறேன். போகும் வீடுகளில் மனசு சரியில்லாதவர்களையும் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் ஏதாவது செய்ய முடியுமா, அல்லது தலையிடாமல் இருப்பதுதான் நல்லதா?
– பெண் சுகாதாரத் தன்னார்வலர், புதுக்கோட்டை மாவட்டம்

உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் அம்மா இந்த வேலையே இருக்கிறது.

உங்கள் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஸ்கார்ஃப் அமைப்பு 2010 வாக்கில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கியது. பஸ்ஸுக்குள் சின்ன அறை, திரை, கேமரா. கிராமத்தில் இருப்பவர் உள்ளே உட்கார்ந்தால் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார். அந்தப் பஸ்ஸிலேயே மருந்தும் கிடைக்கும். அதில் எல்லோருக்கும் தெரிவது பஸ்தான். ஆனால் ‘இந்த வீட்டில் ஒருவர் இருக்கிறார், இன்றைக்கு அழைத்துக்கொண்டு வருகிறேன்’ என்று சொல்ல ஊருக்குள் ஆள் இல்லாவிட்டால் பஸ் வந்து என்ன பயன்? அந்த ஆட்கள் உள்ளூர்ப் பணியாளர்கள்.

அதிகம் படிக்காதவர்களால் இது முடியுமா என்று முறையாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் மூன்று இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு கூடப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டுக்கு வந்து போனவர்கள் ஓரளவு மேலாக இருந்தார்கள். பெரிய அதிசயம் இல்லை. ஆனால் மூன்று இடங்களில் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில்தான் அந்தப் பலன் நன்றாகத் தெரிந்தது. நகரத்தில் டாக்டரை எட்டிப் பார்த்துவிடலாம். டாக்டர் தூரமாக இருக்கும் இடத்தில்தான் வீட்டுக்கு வரும் ஆளின் மதிப்பு தெரிகிறது.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஹராரே நகரின் ம்பாரே பகுதியில் பதினான்கு பாட்டிமார்களைப் பயிற்றுவித்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சு, அதில் ஒரு பாட்டி, பக்கத்தில் மனம் சோர்ந்து வந்தவர். பாட்டி அறிவுரை சொல்லமாட்டார். மனசில் இருப்பதையெல்லாம் கொட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதில் ஒரே ஒரு பிரச்சினையை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்வார். அதற்கு இந்த வாரம் என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார்கள். 573 பேரிடம் நடந்த ஆய்வில் அது நல்ல பலன் தந்ததாக 2016இல் வெளியானது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, அறிவுரை சொல்லாமல் இருக்கப் பாட்டிகளுக்கே பயிற்சி கொடுத்தது. நம் ஊரில் நமக்கெல்லாம் அந்தப் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

நீங்கள் நாளைக்கே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அவர் தரையில் உட்கார்ந்திருந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள். முதலில் அவரிடம் பேசுங்கள், அப்புறம் வீட்டாரிடம். ‘எப்படி இருக்கான்?’ என்று அவர் எதிரிலேயே அம்மாவிடம் கேட்காதீர்கள். நகம், தலைமுடி, துணி இவற்றைக் கவனியுங்கள். போன மாதத்தைவிட மாறியிருக்கிறதா? மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். தேதிக்கு எத்தனை தீர்ந்திருக்கவேண்டும், எத்தனை தீர்ந்திருக்கிறது? மிச்சம் இருந்தால் திட்டாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். கை நடுங்குகிறது, வாயில் எச்சில் வழிகிறது, பகலெல்லாம் தூக்கம், உடம்பு பெருத்துவிட்டது என்று காரணம் இருக்கும். அவை நிஜமான பக்கவிளைவுகள், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தர வழி உண்டு. ‘லித்தியம்’ என்று அட்டையில் இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தாலோ, வாந்தி பேதி வந்தாலோ அந்த மருந்து உடம்பில் அளவுக்கு மீறிச் சேரும். நடை தள்ளாடினால், பேச்சுக் குழறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சுகர், பிரஷரையும் இவர்களுக்கு விடாமல் பாருங்கள். மனநோய் என்று தெரிந்துவிட்டால் அவர்களுடைய உடம்பை யாரும் கவனிப்பதில்லை.

சாகவேண்டும்போல் இருக்கிறதா என்று கேட்கப் பயப்படாதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள், 14416க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

ஒன்றை அதிகாரிகள் காதில் விழும்படிச் சொல்லவேண்டும். இந்தப் பெண்களுக்கு ‘தன்னார்வலர்’ என்று பெயர் வைத்துக் குறைந்த தொகையில் மேலும் மேலும் வேலை சுமத்துவது நியாயம் இல்லை. மனநலத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னால் பயிற்சியும் அதற்கான சம்பளமும் சேர்த்துக் கொடுங்கள்.

என் மகனுக்கு 26 வயது. எட்டு மாதமாகத் தனியாகப் பேசுகிறான், சிரிக்கிறான், குளிப்பதில்லை, நாங்கள் சாப்பாட்டில் விஷம் வைப்பதாகச் சொல்கிறான். சொந்தக்காரர்கள் கோவிலில் கொண்டுபோய் விடச் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி என்றால் கட்டிப் போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், விழுப்புரம்

அம்மா, எட்டு மாதம் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். இனி வேண்டாம்.

கோவிலுக்குப் போகக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். திருச்சி பக்கம் குணசீலத்தில் மனநோயாளிகளை அழைத்துவந்து 48 நாள் தங்கவைக்கும் வழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. தென் தமிழ்நாட்டுக் கோவில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸைச் சேர்ந்தவர்கள் உட்பட்ட குழு ஒன்று கவனித்து 2002இல் கட்டுரை எழுதியது. சில வாரத்தில் அவர்களுடைய நோய்க்குறிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. யாரும் விரட்டாத, அமைதியான இடம், கூடவே குடும்பத்தில் ஒருவர், தினமும் கோவில் வேலை என்று இருந்ததே மருந்து போல் வேலை செய்திருக்கும் என்பது அவர்கள் கணிப்பு. ஆனால் ஆளை ஓரிடத்தில் விட்டுவிட்டு வருவது என்பது வேறு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவுக்கு வரும் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களையும் குணமாகட்டும் என்றுதான் யாரோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பின்னாளில் அதே ஏர்வாடியில் தர்காவில் துவா (பிரார்த்தனை), பக்கத்திலேயே அரசு டாக்டரிடம் மருந்து என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். சாமியும் கும்பிடுங்கள், மருந்தும் கொடுங்கள். எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள்.

கட்டிப்போடுவது பற்றி: எந்த மனநோயாளியையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017 சட்டத்தின் 95ஆவது பிரிவு தடை செய்கிறது. ஆஸ்பத்திரிக்கும் அது பொருந்தும், காப்பகத்துக்கும் பொருந்தும்.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை மகன் வரவில்லை என்றால் பரவாயில்லை, நீங்கள் மட்டும் போங்கள். அங்கே சமூகப் பணியாளரைப் பார்த்து, எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று சொல்லுங்கள். மகனிடம் ‘உனக்குப் பைத்தியம், வா’ என்றால் வரமாட்டான். அவனுக்கே தொந்தரவாக இருப்பது எது என்று பாருங்கள். பெரும்பாலும் தூக்கம் இல்லாமல் இருக்கும். ‘தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கலாம்’ என்றால் பல பிள்ளைகள் கிளம்பிவிடுவார்கள்.

அவன் காதில் கேட்கும் குரல் பொய் என்று வாதாடாதீர்கள், எனக்கும் கேட்கிறது என்றும் சொல்லாதீர்கள். ‘எனக்குக் கேட்கவில்லை, உனக்குக் கேட்பது கஷ்டமாக இருக்கும்’ என்று சொல்லுங்கள். இன்னொன்று முக்கியம். மாத்திரையைப் பொடித்துச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் பிள்ளை அதை ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் கையால் அப்புறம் தண்ணீர்கூட வாங்கமாட்டான். அவனுக்கு எதிரே நீங்களும் அதே சட்டியிலிருந்து போட்டுச் சாப்பிடுங்கள்.

என் மகளின் பிறந்தநாளுக்கு மனநலக் காப்பகத்தில் சாப்பாடு போடலாம் என்று இருக்கிறோம். நல்ல காரியம்தானே?
– வாசகி, சேலம்

நல்ல மனசு. சாப்பாடு போடுங்கள், ஆனால் சாப்பிடுகிறவர்களை வரிசையில் நிற்கவைத்து உங்கள் மகளோடு போட்டோ எடுக்காதீர்கள், அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அங்கே உண்மையில் என்ன குறைகிறது என்று முன்கூட்டியே கேட்டால் இன்னும் நல்லது. அளவான ஜாக்கெட், உள்ளாடை, மூக்குக் கண்ணாடி, சொந்த ஊருக்குத் திரும்பிப் போகும் ஒருவருக்கு ரயில் டிக்கெட் என்று சொல்வார்கள். யாரும் கொண்டுவந்து கொடுக்காத பொருட்கள் இவைதான்.

எனக்கு இருமுனைக் கோளாறு (பைபோலார்), அதாவது மனம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய். எட்டு வருடமாக மருந்து சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன், கணக்காளராக வேலை பார்க்கிறேன். மனநல அமைப்பு ஒன்றில் உதவ முன்வந்தபோது ‘நீங்களே பேஷன்ட் ஆச்சே’ என்றார்கள். இந்த வேலைக்கு நான் தகுதி இல்லாதவனா?
– வாசகர், 34, கோயம்புத்தூர்

தம்பி, படித்தவுடன் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லோரையும் சேர்த்துக்கொள்வோம் என்று பலகையில் எழுதிவிட்டு, நோய் வந்துபோனவர்களை வாசலோடு நிறுத்துவது எந்த நியாயம்?

உங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. மருந்து தொடங்கிய முதல் மாதம் நாக்கு எப்படி இருக்கும், நன்றாகிவிட்டோம் என்று மருந்தை நிறுத்தத் தோன்றுவது எந்தக் கட்டத்தில், வேலைக்குத் திரும்பிய முதல் நாள் கேன்டீனில் யார் பக்கத்தில் உட்காருவது – இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தவள். நீங்கள் கடந்து வந்தவர். புதிதாக நோய் கண்ட ஒரு பையனுக்கு நான் ஒரு மணி நேரம் பேசி ஏற்படுத்த முடியாத நம்பிக்கையை, ‘நானும் இதே மாத்திரைதான் தம்பி’ என்ற உங்கள் ஒரு வாக்கியம் ஏற்படுத்தும். நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன்.

சட்டமே உங்களுக்கு இடம் கொடுக்கிறது. நோயாளிகளின் உரிமை சார்ந்த முறையீடுகளை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியங்களில் டாக்டர்கள், நீதித்துறையினர் தவிர இரண்டு இடங்கள் மனநோய் உள்ளவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள், தொண்டு நிறுவனப் பிரதிநிதிகள் ஆகியோருக்கு. நோயைக் கடந்து வந்தவர்கள் மாநில மனநல ஆணையத்திலும் உறுப்பினராகலாம். வேறு அமைப்பைப் பாருங்கள். சேரும்போது இரண்டு விஷயம் பேசிக்கொள்ளுங்கள். ஒன்று, சம்பளம். ‘உங்களுக்கே நல்லதுதானே’ என்று சும்மா வேலை வாங்க விடாதீர்கள். இரண்டாவது, மற்றவர் கதையைக் கேட்டுக் கேட்டு உங்கள் தூக்கம் கெட ஆரம்பித்தால் யாரிடம் சொல்வீர்கள், யார் உங்கள் வேலையை ஏற்றுக்கொள்வார்கள் என்பது. இந்த இரண்டாவதை நோய் வராத பணியாளர்களும் கேட்டிருந்தால் எங்கள் துறையில் பாதிப்பேர் சோர்ந்துபோய் விலகியிருக்கமாட்டார்கள்.

உங்கள் கதையை மேடையில் சொல்லச் சொல்வார்கள். விருப்பம் இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அது உங்களுடையது.

காட்பாடி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு பெண் சில வாரமாகத் திரிகிறார். தமிழ் தெரியவில்லை. டீயும் பன்னும் வாங்கித் தருகிறேன், வாங்கிக்கொள்கிறார். ராத்திரியில் அவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது?
– ஆட்டோ ஓட்டுநர், காட்பாடி

அண்ணே, நீங்கள் செய்துகொண்டிருப்பதே பெரிய வேலை. அவர் உங்கள் கையிலிருந்து வாங்கிச் சாப்பிடுகிறார் என்றால் அந்த ஊரில் அவர் நம்பும் ஆள் நீங்கள்தான். ஆம்புலன்ஸ் வரும் நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மிரண்டு ஓடிவிடுவார்.

போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொல்லுங்கள். தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாமல் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது 2017 சட்டத்தின் 100ஆவது பிரிவு. லாக்கப்பில் வைக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டும். காணாமல் போனவர் என்று வழக்குப் பதிவு செய்து வீட்டாரைத் தேடவும் வேண்டும். இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். ‘எங்களால முடியாது’ என்றால் மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்தை, அல்லது அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவைக் கேளுங்கள். பெண் போலீஸ் ஒருவர் கூட வரவேண்டும் என்று சொல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அவர் பேசும்போது காதில் விழும் வார்த்தைகளை, புரியாவிட்டாலும், கேட்டபடியே ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஸ்டேஷனில் வடநாட்டுப் பயணி யாராவது இருந்தால் அது என்ன மொழி என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் சொல்லத் தெரியாதவர்கள்கூட ஆற்றின் பெயர், சந்தை நடக்கும் கிழமை, பக்கத்து ரயில் நிலையம், ஊர்த் திருவிழா என்று எதையாவது சொல்வார்கள். அதை வைத்துக்கொண்டு பீகாரிலும் வங்காளத்திலும் வீடு தேடிக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்த பணியாளர்களை எனக்குத் தெரியும். அந்தச் சீட்டை ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் கையில் கொடுங்கள். கீழே உங்கள் செல் நம்பரையும் எழுதிவிடுங்கள், விசாரிக்கவேண்டி வந்தால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.